யாத்திரிகர் இப்னு பதூதாவும் மாலி தேசமும்

உலக சரித்திரத்தை ஆராயுமிடத்து, அரசரும் படைத்தலைவரும் அடைந்த கீர்த்திக்குச் சிறிதும் குறையாத கீர்த்தியைத் தேச சஞ்சாரத்தினால் மட்டுமே அடைந்தோர் சிலரும் உளரென்பது புலனாகும். சீன தேசத்து யுவான் சுவாங், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ ஆகியோர் அத்தகையோர். இவ்விருவரினும் மிகுதியான தூரம் சென்றவரும், நம் தமிழகத்தை நேரிற் கண்டு எழுதியவருமாகிய இப்னு பதூதாவின் சரிதம் நம் மாணவர் அறியத்தக்கதொன்றாம்.

இவர் செய்த யாத்திரைகளுள் கடைசியானது, ஆபிரிக்காக் கண்டத்தின் மேற்குப் பாகத்திலே அந்நாளில் சிறந்து விளங்கிய மாலி இராஜ்யத்திற்குச் செய்ததாகும். இஸ்லாம் மார்க்கத்தின் சட்டங்களைக் கற்றுத் தேர்ந்த ஒரு நியாயாதிபதி, தம் மார்க்கத்தையே தழுவிய வேறொரு ஜனசமூகத்தாரின் இல்லங்களிலும் வீதிகளிலும் அம்மார்க்கம் எவ்வாறு வழங்குகின்றதென்பதைக் கண்டு, சிலவிடத்து வியந்தும் சிலவிடத்து வெகுண்டும், இரண்டையும் ஒளியாது உரைத்து வைத்தார். அதனாற்றான் இக்கடைசி யாத்திரை மற்றெல்லாவற்றினும் படிப்பினை மிகுந்ததாயிருக்கின்றது.

பிறப்பும் புறப்பாடும்

இப்னு பதூதா மொராக்கோ தேசத்துத் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 24ஆம் நாள் பிறந்தார். அவர் குடும்பத்தார் பெர்பெர் இனத்தினர். காஜிகள் பலரைத் தந்த குலத்தினர். இஸ்லாமியச் சட்டத்திலே நால்வகை மத்ஹபுகள் உண்டு. அவற்றுள் வட ஆபிரிக்காவில் வழங்கும் மாலிக்கி மத்ஹபை அவர் இளமையிலேயே பயின்றார்.

1325ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், தமது இருபத்தோராம் வயதிலே, மக்கா நகருக்கு ஹஜ் யாத்திரை செய்யக் கருதித் தனியராய் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்பொழுது உயிரோடிருந்தனர். அவர்களை அவர் மீண்டுங் காணவேயில்லை. ஹஜ்ஜை முடித்தவர் ஊர் திரும்பாமல் இராக், பாரசீகம், ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, துருக்கியர் நாடு, கான்ஸ்டாண்டிநோபிள் முதலிய இடங்களையெல்லாம் கண்டு, 1333ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிந்து நதிக்கரையை அடைந்தார்.

டில்லியை அப்பொழுது ஆண்ட முகம்மது பின் துக்ளக், அந்நிய தேசத்து வித்துவான்களை ஆதரிப்பதிற் பேர்போனவர். அவர் இப்னு பதூதாவை ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளத்தில் டில்லி நகரத்துக் காஜியாக நியமித்தார். சில ஆண்டுகள் சென்றபின் சுல்தானுடைய சந்தேகத்திற்கு ஆளாகி உயிருக்கு அஞ்சும் நிலைமை வந்தது. எனினும் 1341ஆம் ஆண்டில் அதே சுல்தான் அவரைச் சீனச் சக்கரவர்த்தியிடம் தூதராக அனுப்பத் தீர்மானித்தார். அத்தூதுக்குரிய கப்பல்கள் கோழிக்கோட்டுக் கடலிலே புயலில் அழிந்தன. டில்லிக்கு மீள அஞ்சிய அவர் மாலத்தீவுக்குச் சென்றார்.

அத்தீவில் அவர் காஜியானார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வாராதோரை அடித்துத் தண்டிக்கச் செய்தார். அங்குள்ள பெண்கள் இடைக்கு மேல் ஆடையின்றி நடமாடுவதைத் தடுக்க முயன்று தோல்வியுற்றார். தம் ஊர்ப் பள்ளியிற் கற்ற சட்டமே உலகெங்கும் ஒரே வகையாய் வழங்கவேண்டுமென்பது அந்நாளில் அவர் கொண்டிருந்த எண்ணம். இதனை நினைவிற் கொள்வோமாயின், பிற்காலத்து மாலி யாத்திரையின் தன்மை நமக்கு நன்கு விளங்கும்.

இலங்கையிலும் தமிழகத்திலும்

1344ஆம் ஆண்டில் மாலத்தீவை விட்ட இப்னு பதூதா, இலங்கையிலே புத்தளத்தை அடைந்தார். அங்கே யாழ்ப்பாணத்து அரசராகிய ஆரியச் சக்கரவர்த்தி அவரை அன்போடு வரவேற்றார். ஆதாமின் பாதச்சுவடு என முஸ்லிம்கள் போற்றும் மலையைத் தரிசிக்கவேண்டுமென அவர் விரும்பியபோது, அவ்வரசர் யோகிகளையும் பிராமணர்களையும் சுமைகாரர்களையும் துணையாகக் கொடுத்து அனுப்பினார். அம்மலை சைவருக்குச் சிவனொளிபாதம். பௌத்தருக்குப் புத்தர் பாதம். மூவரும் ஒரே வழியில் ஏறிச் சென்றனர்.

அங்கிருந்து கடல் கடக்கையில், தமிழகக் கரையை அணுகும் சமயத்தே அவர் கப்பல் உடைந்தது. உள்ளூரார் படகிலே வந்து அவரைக் கரை சேர்த்தனர். அக்காலத்து மதுரையிலே ஒரு சுல்தானகம் இருந்தது. அதன் அரசராகிய கியாசுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவருடைய சகோதரியை மணந்தவர், ஆகவே சகலர். உறவினரென்ற உரிமையோடு சென்ற யாத்திரிகர் அங்குக் கண்ட காட்சி அவரை நடுங்கச் செய்தது. அச்சுல்தான் போரிலே பிடிபட்டோரைக் கழுவேற்றியதோடமையாது, அவர்தம் மனைவியரையும் சிறு குழந்தைகளையும் கொல்வித்தார். தம் உறவினராயினும், தம் மார்க்கத்தவராயினும், அச்செயலை அவர் மறைக்கவில்லை. வேறெந்த அரசரிடத்தும் தாம் காணாத கொடுமையென்றும், அதன் பொருட்டே இறைவன் அவர் ஆயுளைச் சுருக்கினானென்றும் எழுதிச் சென்றார். மதுரையிலே அச்சமயம் கொள்ளைநோய் பரவிற்று. சுல்தான் மாண்டார். நோயுற்ற யாத்திரிகரும் அவ்வூரைவிட்டு அகன்றார்.

பின்னர் வங்காளம், சுமத்திரா, சீனம் ஆகியவற்றைக் கண்டு மேற்கே திரும்பினார். தமஸ்கு நகரிலே தந்தையார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இறந்த செய்தியைக் கேட்டார். 1349ஆம் ஆண்டு மொராக்கோவை நெருங்கியபோது தாயாரும் கொள்ளைநோயால் இறந்த செய்தி எட்டிற்று.

உப்பு வழி

இவ்வளவு அலைந்தும் அவர் காணாத முஸ்லிம் இராஜ்யம் ஒன்று எஞ்சியிருந்தது. சஹாராப் பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள மாலியே அது. அதன் அரசரான மன்சா மூசா என்பவர் 1324ஆம் ஆண்டு ஹஜ் செய்யுமுகத்தான் எகிப்து வழியே சென்றபோது, கெய்ரோ நகரில் அவர் வாரியிறைத்த பொன்னால் அங்குப் பொன்னின் விலையே தாழ்ந்தது. இரண்டாண்டு கழித்து அந்நகருக்குப் போன இப்னு பதூதா அப்பேச்சைக் கேளாதிருந்திருக்க முடியாது.

1352ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம், தமது நாற்பத்தெட்டாம் வயதில், சிஜில்மாஸா என்னும் ஊரிலிருந்து ஒட்டகச் சாத்தொன்றோடு அவர் தெற்கே புறப்பட்டார். இன்று நம் மேட்டுப்பாளையத்தில் பல மாநிலத்து லாரிகள் ஒருங்கே வந்து சரக்கை இறக்கியும் ஏற்றியும் பிரிவதுபோலவே, அந்நாளில் பாலைவனத்தின் இரு கரைகளிலும் சாத்துகள் கூடிப் பிரிந்தன. வடக்கிலிருந்து உப்பு சென்றது. தெற்கிலிருந்து பொன் வந்தது.

இருபத்தைந்து நாள் நடந்து தகாஸா என்னும் உப்புச் சுரங்கத்தை அடைந்தனர். நம் மரக்காணத்து உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தியில் நிறுத்தி வெயிலில் உப்பு விளைவிப்பர். தகாஸாவிலோ பூமியை அகழ்ந்து, கற்பாறையைப்போலப் பலகை பலகையாக உப்பை வெட்டியெடுத்தனர். அவ்வூரில் மரமென்பதில்லை, வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாற் கட்டி ஒட்டகத் தோலாற் கூரை வேய்ந்தவை. சுரங்கத்தில் உழைத்தோர் மஸ்ஸூஃபா என்னும் பாலைவனக் குலத்தாரின் அடிமைகள். ஒரு சுமை உப்பு வலாத்தா நகரிலே எட்டு முதல் பத்து மித்கால் பொன்னுக்கும், மாலித் தலைநகரிலே இருபது முதல் முப்பது மித்காலுக்கும் விற்றது. ஒரு மித்கால் ஏறக்குறைய அரைச் சவரன் எடையுள்ளது. உப்பையே சிறு சிறு துண்டுகளாக்கி நாணயமாகவும் வழங்கினர். இவ்வுப்பும் பொன்னுமே இஸ்லாத்தையும் அவ்வழியே கொண்டு சென்றன. அத்தேசத்து மக்களுக்கு அம்மார்க்கத்தை முதன்முதல் அறிமுகப்படுத்தியோர் பாலைவனம் கடந்துவந்த வியாபாரிகளாவர்.

வலாத்தாவில் கண்ட வியப்பு

இரண்டு மாத காலம் கழித்து, மாலி இராஜ்யத்தின் வட எல்லையாகிய வலாத்தாவைச் சேர்ந்தனர். அங்குள்ள அதிகாரி, வியாபாரிகள் தம் அருகில் நிற்கவும், அவர்களோடு நேரே பேசாமல் ஒரு துபாஷியின் வாயிலாகவே பேசினார். அது அத்தேசத்து ராஜரீக வழக்கம். இப்னு பதூதாவோ அதனை அவமதிப்பென்றெண்ணிச் சினங்கொண்டார். விருந்தென்று அழைத்துச் சென்று, சுரைக்குடுக்கையில் தேனும் பாலும் கலந்த கம்பு மாவைக் கொடுத்தபோது அவர் சினம் இரட்டித்தது. அங்கிருந்தே ஊர் திரும்பிவிடலாமா என்றும் எண்ணினார். நாம் வேனிற்காலத்தில் அருந்தும் கம்பு ஆதியில் அம்மேற்கு ஆபிரிக்கப் பிரதேசத்திலேயே பயிராக்கப்பட்டு இந்தியாவுக்கு வந்த தானியமென இந்நாளைய ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அவர்கள் இட்டது அந்நாட்டின் சிறந்த உணவே என்பதில் ஐயமில்லை.

ஐம்பது நாள் அங்குத் தங்கிய அவருக்கு வேறொரு வியப்பும் காத்திருந்தது. வலாத்தாவில் வாழ்ந்த மஸ்ஸூஃபா மக்கள் ஐவேளைத் தொழுகையில் தவறாதவர். மார்க்கச் சட்டம் கற்பவர். குர்ஆனை மனனம் செய்பவர். ஆயினும் அவர்கள் பெண்கள் முகத்திரையிடுவதில்லை. ஆண்களோடு கூசாது பேசினர். ஒருவன் தன் தந்தை பேரால் வழங்கப்படாமல் தாய்மாமன் பேரால் வழங்கப்பட்டான். சொத்து மகனுக்குச் செல்லாது சகோதரியின் மகனுக்குச் சென்றது. இத்தகைய மருமக்கள் தாய வழக்கத்தைத் தாம் இந்தியாவிலே மலையாள நாட்டில் மட்டுமே கண்டதாகவும், அவர்கள் முஸ்லிமல்லாதவரென்றும், இவர்களோ முஸ்லிம்களென்றும் அவர் குறித்தார்.

அவ்வூர்க் காஜியாரைக் காணச் சென்ற ஒருநாள், அங்கே ஒரு பெண் அமர்ந்திருக்கக் கண்டு அவர் பின்வாங்கினார். அவள் தம் தோழியென்று காஜியார் சிறிதும் தயங்காது கூறினார். மற்றொரு நாள், தாம் சாத்தோடு வந்த தலைவரின் வீட்டில் அவர் மனைவி அந்நிய ஆடவன் ஒருவனோடு உரையாடக் கண்டு கண்டித்தார். தங்கள் நாட்டில் ஆண் பெண் சிநேகம் கண்ணியமானதென்றும், அதிற் சந்தேகத்திற்கு இடமில்லையென்றும் அத்தலைவர் விடையளித்தார். அன்றுமுதல் அவர் எத்தனை முறை அழைத்தும் இப்னு பதூதா அவ்வீட்டிற்குச் செல்லவில்லை. மாலத்தீவில் அவருக்கு அதிகாரம் இருந்தது. இங்கேயோ பார்ப்பதற்கும் கேட்பதற்கும் மட்டுமே உரிமை இருந்தது. வாசகர்க்கு அதுவே நன்மையாயிற்று. அதிகாரமின்மையால் அவர் கண்டதையெல்லாம் விவரமாக எழுதினார்.

நதிக்கரையில்

வலாத்தாவிலிருந்து தலைநகருக்கு இருபத்துநான்கு நாள் வழி. வழியிலே கள்வர் பயம் சிறிதுமில்லை. சாத்தோடன்றித் தனியே செல்லவும் இயலும். உணவு சுமக்கவேண்டியதில்லை. உப்புத் துண்டும் கண்ணாடி மணியும் வாசனைப் பண்டமும் இருப்பின், ஊர்தோறும் பெண்கள் கம்பும் பாலும் கோழியும் கொண்டுவந்து மாற்றிக்கொள்வர். நம்மவர் பெருக்கமரம் என்றும் பொந்தன்புளி என்றும் வழங்கும் மிகப் பெரிய மரங்கள் வழியெங்கும் நின்றன. அத்தகையதொரு மரத்தின் பொந்திலே நெசவாளனொருவன் தறி நாட்டி நெய்துகொண்டிருந்ததைக் கண்டு அவர் அதிசயித்தார்.

நைஜர் நதிக்கரையை அடைந்தபோது நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் குறிப்பிடத்தக்கது. அவர் அந்நதியை நைல் என்றே எண்ணினார். ஒருநாள் தம் தேவைக்காக ஆற்றோரம் ஒதுங்கியபோது, அவ்வூரான் ஒருவன் வந்து அவருக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்றான். நாணமற்ற, மரியாதை தெரியாத மனிதனென்று அவர் மனத்துள் வெறுத்தார். பின்னர் விசாரித்தபோது, அருகிலே முதலையொன்று இருந்ததென்றும், அது அவரைப் பற்றாதபடி தன்னையே இடையிற் காவலாக நிறுத்தினானென்றும் தெரியவந்தது. அந்நாட்டைப் பற்றி அவர் எழுதிய கண்டனங்களைப் படிக்கும்போதெல்லாம் இச்சம்பவத்தையும் நாம் உடன்வைத்து நோக்குதல் நலம்.

மன்சா சுலைமானின் தலைநகர்

1352ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் தலைநகரை அடைந்தார். மன்சா மூசாவின் சகோதரராகிய மன்சா சுலைமான் அப்போது அரசர். ஊரில் ஹஜ் செய்துவந்த நற்குணமுடைய அந்நாட்டவர் ஒருவர் காஜியாக இருந்தார். அவர் விருந்தோம்பலாக ஒரு பசுவை அனுப்பினார். வந்த சில நாட்களிலே கிழங்குக் களி உண்டு அறுவர் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் மாண்டார். இப்னு பதூதாவும் இரண்டு மாதம் படுக்கையிலிருந்தார்.

நலமடைந்தபின் அரசர் அவருக்கு வரவேற்புப் பரிசு அனுப்புவதாகச் செய்தி வந்தது. பட்டாடையும் பொன்னும் வருமென்று எழுந்து நின்று எதிர்பார்த்தார். வந்தவை மூன்று அப்பமும், பொரித்த மாட்டிறைச்சித் துண்டொன்றும், ஒரு குடுக்கைத் தயிருமே. இறைச்சி பொரித்த நெய், நம் இலுப்பையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் கொட்டையினின்றும் எடுத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். ரமலான் மாதம் வந்தபோது அரச சபையிலேயே எழுந்து, தாம் உலகத்து அரசர் பலரைக் கண்டவரென்றும், இவ்வரசரைக் குறித்துப் பிறரிடம் யாது சொல்வதென்றும் கேட்டார். அதன்பின்னரே அவருக்கு வீடும் படியும் கிடைத்தன. ரமலான் இருபத்தேழாம் இரவு, காஜிக்கும் ஆலிம்களுக்கும் ஸகாத்துப் பொருள் பங்கிடப்பட்டபோது அவருக்கும் முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்குமாகிய மித்கால் வந்தது. புறப்படுங்கால் நூறு மித்கால் அளிக்கப்பட்டது. ஆயினும் மன்சா சுலைமான் கருமியென்ற எண்ணம் அவர் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

பெருநாளின் காலையும் மாலையும்

மாலி மக்களின் வாழ்வில் இஸ்லாம் எங்ஙனம் கலந்திருந்ததென்பதைப் பெருநாளன்று அவர் நன்கு கண்டார். காலையில் ஊரார் யாவரும் தூய வெண்ணிற ஆடையுடுத்துத் தொழுகைத் திடலுக்கு வந்தனர். அரசர் குதிரை மீதேறி வர, முன்னே இறைவன் பெருமையை முழங்கிக்கொண்டு சென்றனர். தொழுகையும் பிரசங்கமும் அரபு மொழியில் நடந்தன. பிரசங்கம் முடிந்ததும், கையில் ஈட்டி தாங்கிய ஒருவர் எழுந்து, அதன் பொருளைத் தேச பாஷையிலே ஜனங்களுக்கு எடுத்துரைத்தார். வேத மொழி வேறு, வீட்டு மொழி வேறாயிருக்கும் எந்தச் சமூகத்திற்கும் இவ்வேற்பாடு எத்துணை அவசியமென்பதை விளக்கவேண்டுவதில்லை.

மாலையிலோ காட்சி மாறிற்று. அரச சபையிலே தூகா என்னும் பாணர் தலைவர், மரச் சட்டங்களின்கீழ்ச் சுரைக்குடுக்கைகள் கட்டிய வாத்தியத்தை இசைத்து அரசரைப் புகழ்ந்து பாடினார். பின்னர்ப் பாணர்கள் பறவை இறகுகளால் ஆன வேடம் புனைந்து, மரத்தாற் செய்த தலையும் செவ்வலகும் தாங்கி, முன்னோர் செய்த அருஞ்செயல்களைக் கூறி, அவர்போலவே நன்மை செய்யுமாறு அரசருக்கு அறிவுறுத்தினர். இவ்வழக்கம் இஸ்லாம் வருமுன்னரே அங்கிருந்ததென்றும், பின்னரும் அவர்கள் அதனை விடவில்லையென்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவருக்கு இது நகைப்பிற்கிடமாயிற்று. புலவரும் பாணரும் வேந்தனுக்கு முன்னோர் புகழை எடுத்துரைத்து நெறி காட்டிய மரபினையுடைய தமிழர்க்கோ இதிற் புதுமை தோன்றாது.

அவர் புகழ்ந்தவையும் இகழ்ந்தவையும்

எட்டு மாதம் தங்கியபின், அத்தேசத்தாரின் நற்குணங்களையும் குறைகளையும் அவர் தனித்தனியே வகுத்துக் கூறினார். நற்குணங்களுள் முதலாவது நீதி. அநியாயம் செய்தலை அவர்கள் எவரினும் அதிகமாக வெறுத்தனர். அரசர் எவருக்கும் மன்னிப்பளிப்பதில்லை. இதற்கு அவரே கண்ட உதாரணமும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலே வியாபாரி ஒருவர் எழுந்து, வலாத்தாவிலுள்ள அதிகாரி தம்மிடம் 600 மித்கால் பெறுமான சரக்கை எடுத்துக்கொண்டு 100 மித்காலே தருவதாகச் சொல்கிறாரென்று அரசர் கேட்க முறையிட்டார். அரசர் அவ்வதிகாரியை வரவழைத்து வழக்கைக் காஜியிடம் விட்டார். வியாபாரி தமக்குரியதைப் பெற்றார், அதிகாரி பதவியிழந்தார். பள்ளிவாசல் தொழுமிடமாக மட்டுமன்றி, எளியோர் வலியோரைச் சட்டத்தின் முன் நிறுத்துமிடமாகவும் அங்கு விளங்கிற்று.

இரண்டாவது, வழிப்போக்கருக்கும் ஊராருக்கும் கிடைத்த அபயம். மூன்றாவது, வடநாட்டிலிருந்து வந்த அந்நியர் அங்கு இறந்தால், அவர் பொருள் எத்துணை மிகுதியாயினும் அரசாங்கம் அதனைத் தொடாது, உரிய வாரிசு வரும்வரை நம்பிக்கையுள்ள ஒருவரிடம் ஒப்புவித்து வைத்தது. பிரான்ஸ் தேசத்திலே இறந்த அந்நியரின் சொத்து அரசரைச் சேருமென்னும் விதி 1789ஆம் ஆண்டுப் புரட்சிக் காலம்வரை வழங்கிற்றென்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நான்காவது, தொழுகையிற் காட்டிய ஊக்கம். வெள்ளிக்கிழமை காலதாமதமாய்ச் சென்றால் பள்ளிவாசலில் இடங் கிடையாது. ஆகையால் ஒவ்வொருவரும் தம் பையனைப் பாயோடு முன்னதாக அனுப்பி இடம் பிடித்தனர். பாய்கள், பனைபோன்று காய்க்காத ஒரு மரத்தின் ஓலையால் முடைந்தவை. கிழிந்த சட்டையொன்றன்றி வேறில்லாத ஏழையும் அதனைத் துவைத்து உடுத்தே ஜும்மாவுக்குச் சென்றான். ஐந்தாவது, குர்ஆனைக் கற்பதில் ஆர்வம். பெருநாளன்று காஜியார் வீட்டுக்குச் சென்ற அவர், அங்கே பிள்ளைகள் விலங்கிடப்பட்டிருக்கக் கண்டு, அவர்களை விடுவிக்கலாகாதா என்று கேட்டார். பாடத்தை மனனம் செய்து ஒப்பித்தாலொழிய விடுவிப்பதில்லையென்று தந்தையார் கூறிவிட்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பிரம்பையும் கோதண்டத்தையும் பற்றி நம் பாட்டனார் சொல்லக் கேட்டவர்க்கு இது விளங்கும். ஆயினும் விலங்கினால் வளரும் கல்வி மெச்சத்தக்கதன்று.

குறைகளாக அவர் எண்ணியவை வேறு. அடிமைப் பெண்களும் சிறுமியரும் பலர் முன்னிலையில் ஆடையின்றி நடமாடியது. அரசர் முன் மக்கள் தலையிலே புழுதியை வாரிப் போட்டுக்கொண்டது. பாணரின் பறவை வேடம். மார்க்கம் விலக்கிய சில மாமிசங்களை உண்டது ஆகியவை அவை.

அவர் காணாதுவிட்டது

இப்பட்டியலை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். அடிமைப் பெண்ணுக்கு ஆடையில்லாமையை அவர் குறையென்றார். அவள் அடிமையாயிருந்ததைக் குறையென்று அவர் கூறவில்லை. தலைநகரைவிட்டு நீங்கித் திம்புக்துவைக் கண்டபின், ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகிலே நைஜர் நதிவழிச் சென்றபோது, ஓர் அதிகாரி அவருக்கு ஐந்து சாண் உயரமுள்ள ஒரு சிறுவனை அடிமையாகப் பரிசளித்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். 1353ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தகெத்தா என்னுமூரிலிருந்து மொராக்கோ நோக்கி அவர் திரும்பிய சாத்திலே 600 அடிமைப் பெண்கள் நடத்திச் செல்லப்பட்டனர். அவர்கள் பெயரோ ஊரோ அந்நூலில் இல்லை.

மதுரையிலே குழந்தைகள் கொல்லப்பட்டதைக் கண்டு இரங்கிய அதே மனம், பாலைவனத்தில் இதனைக் கண்டு இரங்கவில்லை. அக்காலத்து முஸ்லிம் தேசங்களும் கிறிஸ்தவ தேசங்களும் அடிமை முறையை ஒப்புக்கொண்டிருந்தன. நம் புதுவையிலிருந்தும் 18ஆம் நூற்றாண்டில் அடிமைகள் கப்பலேற்றப்பட்டு மஸ்கரேன் தீவுகளுக்கு அனுப்பப்பட்டதுண்டு. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அம்முறை முடிவாக ஒழிந்தது 1848ஆம் ஆண்டிலாகும். ஆதலின் இக்குருட்டுத்தன்மை ஒரு மனிதருக்கோ ஒரு மார்க்கத்திற்கோ மட்டும் உரியதன்று. பழகிய அநீதி கண்ணிற் படுவதில்லையென்பதே அதனால் நாம் அறிவது.

நூலும் முடிவும்

1354ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் ஃபெஸ் நகரை அடைந்தார். மொராக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, தாம் கண்டவற்றைச் சொல்ல, கிரானடா நகரத்து இப்னு ஜுஸை என்னும் புலவர் எழுதினார். 1355ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நூல் முடிவுற்றது. யாத்திரை என்னும் பொருள்பட ரிஹ்லா என்பது அதன் பெயர். அரசவையில் பலர் அவர் கூற்றுகளைப் பொய்யென்று எள்ளினரெனவும், தாம் காணாததை அவ்வாறு தள்ளுதல் தகாதென்று மந்திரியொருவர் அறிவுறுத்தினரெனவும் சரித்திராசிரியர் இப்னு கல்தூன் எழுதியிருக்கின்றார். இப்னு பதூதா தம் இறுதிக் காலத்தை மொராக்கோவிலே காஜியாகக் கழித்து, சுமார் 1369ஆம் ஆண்டு காலஞ்சென்றார்.

அந்நூல் ஐரோப்பாவில் நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. அல்ஜீரியாவிற் கிடைத்த கையெழுத்துப் பிரதிகள் பாரிஸ் நகருக்குச் சென்றபின், தெஃப்ரெமரி, சாங்கினெத்தி என்னும் இருவர் 1853 முதல் 1858 வரை நான்கு பாகங்களாக அரபு மூலத்தையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் வெளியிட்டனர். மன்சா சுலைமான் ஆண்ட நிலத்தின் பெரும் பகுதி பின்னர்ப் பிரெஞ்சுச் சூடான் என்னும் பெயரோடு பிரான்சுக்கு உட்பட்டது. நம் புதுவையும் அத்தேசமும் ஒரே கொடியின்கீழ் இருந்தன. புதுவை 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்தியாவோடு சேர்ந்தது. சூடான் 1960ஆம் ஆண்டு விடுதலையடைந்தபோது, பழைய இராஜ்யத்தின் பெயரையே மீட்டு மாலி என்று தனக்குச் சூட்டிக்கொண்டது.

மாணவ நேயர்களே! இப்னு பதூதா கல்வியிற் சிறந்தவர், அஞ்சாநெஞ்சினர், ஆயினும் சினமும் செருக்கும் உடைய மனிதரே. அவருடைய பெருமை, தம் மனத்திற்கு ஒவ்வாததையும் ஒளியாது எழுதினமையில் இருக்கின்றது. தாய்மாமன் பேரால் வழங்கப்பட்டவனும் ஐவேளை தொழுதான். இறகு வேடம் புனைந்த பாணனும் அன்று காலை பெருநாள் தொழுகையில் நின்றிருந்தான். இவ்விரண்டையும் அவரே நமக்குத் தெரிவித்தார். ஒரு மார்க்கத்தை அதன் சட்ட நூலில் மட்டும் படித்தறிந்தோமென்று எண்ணுதல் போதாது. அதனைக் கைக்கொள்வோர் அடுப்பங்கரையிலும், கடைவீதியிலும், பிள்ளைக்குப் பாடம் சொல்லுமிடத்தும், வழக்குத் தீர்க்குமிடத்தும் அது எவ்வாறு வாழ்கின்றதென்று கண்டறிதல் வேண்டும். அதற்கு நாம் பாலைவனம் கடக்கவேண்டியதில்லை. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கும் இந்நகரில், பக்கத்து வீட்டுக்குச் சென்று அவர்கள் இடும் உணவை முகஞ்சுளியாது ஏற்று உண்பதே அதற்கு நல்ல தொடக்கமாகும்.